சிறுநீரக நோயாளர்கள் காலந்தாழ்த்தி அனுப்பப்படலாகாது

வடமத்திய மாகாணத்தின் விவசாயக் கிராமங்களில், காரணம் இன்னதென அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் இனங்காணப்பட்டது. மதவாச்சி, பதவியா, மெதிரிகிரிய ஆகிய பகுதிகளைப் பெரிதும் பாதித்த இந்நோய் வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை மாவட்டங்களிலும் பதிவாகியுள்ளது. மறுபுறத்தில், நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் இன, மத, பிரதேச பேதமின்றிச் சிறுநீரகங்களைப் பழுதாக்கி வருகின்றன.

சீன அரசின் உதவியுடன் பொலன்னறுவையில் நிர்மாணிக்கப்பட்ட சிறுநீரக விசேட வைத்தியசாலை 2021ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், நோயாளி எந்தக் கட்டத்தில் அங்கு சென்று சேருகின்றார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவர், அவரை முதலில் பரிசோதிக்கும் வைத்தியரே ஆவார்.

சிறுநீரக நோய் ஓசையின்றி வளர்வது. பெரும்பகுதி செயலிழக்கும் வரை வலியோ வீக்கமோ தோன்றாதிருக்கலாம். காரணம் அறியப்படாத வகையில், ஆரம்பத்தில் சிறுநீரில் புரதங்கூடக் காணப்படாதிருக்கலாம். எனவே சிறுநீர்ப் பரிசோதனையுடன் குருதியிலுள்ள கிரியற்றினின் அளவும் அறியப்பட வேண்டும்.

அந்த அளவை மாத்திரம் நோக்குவதும் போதாது. டெசிலீற்றருக்கு 1.2 மில்லிகிராம் என்னும் அளவு 25 வயது ஆணுக்கும் 65 வயதுப் பெண்ணுக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. தற்போது பயன்படும் சூத்திரத்தின்படி, அந்த ஆணின் சிறுநீரக வடிகட்டல் வீதம் நிமிடத்துக்குச் சுமார் 86 மில்லிலீற்றர். அப்பெண்ணினதோ சுமார் 50 மட்டுமே. இவ்வீதம் மூன்று மாதங்களுக்கு மேலாக 60இற்குக் கீழ் இருப்பின் அது நாட்பட்ட சிறுநீரக நோயாகும். "எல்லாம் சரி" என அப்பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது எத்துணை ஆபத்தானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. மூட்டு வலிக்கென டைக்ளோபெனாக் போன்ற மாத்திரைகளும் அவருக்குத் தொடர்ந்து வழங்கப்படுமாயின் பாதிப்பு மேலும் விரைவுபடும்.

வடிகட்டல் வீதம் 30இற்குக் கீழே இறங்கினாலோ, வேகமாகக் குறைந்தாலோ, சிறுநீரில் புரதம் அதிகமாக வெளியேறினாலோ சிறுநீரக விசேட வைத்திய நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டல். உரிய காலத்தில் அனுப்பப்படுபவருக்கு நோயின் வேகத்தைத் தணிக்கும் மருந்துகள் கிடைக்கின்றன. குருதிச் சுத்திகரிப்புக்குக் கையில் இரத்தக்குழாய் இணைப்பைத் தயார் செய்வதற்கும், மாற்றுச் சிறுநீரகம் குறித்துக் குடும்பத்தினர் சிந்திப்பதற்கும் அவகாசம் கிடைக்கின்றது. மூச்சுத் திணறலுடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுபவருக்கு அந்த அவகாசம் இல்லை.

வைத்தியர்களின் பணிச்சுமையை நாம் அறியாதவர்களல்லர். அதனாலேயே, கிரியற்றினின் அறிக்கைகள் அனைத்திலும் வடிகட்டல் வீதத்தையும் குறிப்பிடுவதற்குச் சுகாதார அமைச்சு ஆவன செய்தல் வேண்டும். கிராமிய வைத்தியசாலைகளுக்கும் தனியார் சிகிச்சை நிலையங்களுக்கும் அனுப்புதல் தொடர்பான தெளிவான அறிவுறுத்தல்கள் கிட்ட வேண்டும். நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு தடவையேனும் "எனது சிறுநீரகம் எந்நிலையில் உள்ளது?" என வைத்தியரிடம் கேட்கத் தயங்கலாகாது. இயந்திரத்தின் துணையுடன் வாழ நேர்வதைப் பலருக்குத் தள்ளிப்போடவும் சிலருக்கு முற்றாகத் தவிர்க்கவும் அந்த ஒரு கேள்வி வழிவகுக்கும் என்பதே எமது கருத்தாகும்.