நாலு நாளுக்கு ஒரு முழுக்கு, நாலு மாதத்துக்கு ஒரு பேதி! தேனிப் பக்கத்து உடல் சுத்தம் தெரியுமா?

வருஷத்துக்கு மூன்று தடவை பேதி, இரண்டு தடவை வாந்தி, எட்டு தடவை மூக்கில் நசியம், தொண்ணூறு தடவை எண்ணெய்க் குளியல்! நோய் அண்டாமல் வாழ சித்தர் தேரையர் போட்டுக் கொடுத்த கணக்கு இது, தெரியுமா? நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வமனம் என்கிற வாந்தி, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மூக்கில் மருந்து விடும் நசியம், நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என்று ‘பிணி அணுகா விதி’யில் வரிசையாகச் சொல்லிவிட்டார். ‘டீடாக்ஸ்’ என்று பாட்டிலில் அடைத்து இன்று விற்கிறார்களே, அதற்கு நம்மிடம் எப்போதோ அட்டவணையே இருந்திருக்கிறது. அதற்கு வேண்டிய சரக்கில் சில தேனி மாவட்டத்திலேயே கிடைக்கின்றன என்பது அடுத்த ஆச்சரியம்!

ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய்க் குளியல் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். புதன், வியாழன், வெள்ளி, சனி. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. முதல் நாளையும் சேர்த்து எண்ணினால் இரண்டிலும் நாலாவது நாள்! தேரையர் கணக்கு வாரக் கிழமைக்குள் ஏறக்குறைய எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போய் சுரபி நதியில் குளித்து நல்லெண்ணெய் விளக்குப் போடுகிறார்களே, அங்கேயும் சனி, குளியல், நல்லெண்ணெய் மூன்றும் ஒன்றாக வருகின்றன.

ஆடி என்றதும் காற்று ஞாபகம் வரவேண்டும். கேரள எல்லை மலையைத் தாண்டி இறங்கும் தென்மேற்குக் காற்று கம்பம் பள்ளத்தாக்கில் சாரலோடு வீசும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. சித்த மருத்துவம் ஆனி, ஆடியை முதுவேனில் என்கிறது. உடம்பில் வாதம் தலைதூக்கத் தொடங்கும் பருவம் அது. அடுத்து வரும் காரில், அதாவது ஆவணி, புரட்டாசியில், அது உச்சத்துக்குப் போகும். வாதத்தைத் தாழ்த்தப் பேதி, பித்தத்தைத் தாழ்த்த வாந்தி, கபத்தைத் தாழ்த்த நசியம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்!

பேதிக்குக் கொடுப்பது ஒரு தனிச் சடங்கு. விடியற்காலை, வெறும் வயிறு. கரண்டியில் விளக்கெண்ணெய், பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கும், பின்னாலேயே ஒரு வாய் வெந்நீர். நாலைந்து தடவை போய் வயிறு ஓய்ந்தபின் பருப்பில்லாத ரசம் சோறு. நிற்க வேண்டுமா? மோர்ச் சோறு. அன்றைக்கு வெயிலில் ஓடக்கூடாது, எண்ணெய்ப் பலகாரம் கிடையாது. இந்த எண்ணெய் குடலை எப்படி அசைக்கிறது என்பது 2012 வரை முழுசாகப் பிடிபடவில்லை, தெரியுமா? குடலில் பிரிந்து வரும் ரிசினோலிக் அமிலம், குடல் தசையில் இருக்கும் ஈ.பி.3 என்ற ஏற்பியைத் தூண்டுகிறது என்று அந்த ஆண்டுதான் ஜெர்மனி ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதே ஏற்பி கருப்பையிலும் இருக்கிறது. கர்ப்பிணிகள் விளக்கெண்ணெயைத் தொடவே கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

சித்திரைக்கு வருவோம். வேப்பம்பூ உதிரும்போது மரத்தடியில் பழைய சேலையை விரித்து வைத்து, காலையில் கூட்டி அள்ளி, காம்பு தூசு புடைத்து, நிழலில் உலர்த்தி ஜாடியில் போட்டு வைப்பார்கள். நெய்யில் கருகக் கருக வறுத்தால் கசப்போடு ஒரு வாசனை வரும் பாருங்கள், அதற்கு ஈடே கிடையாது. புது வருஷத்தன்று அந்தப் பூவைத் தேடிச் சாப்பிடுவது ஏன் தெரியுமா? சித்திரை, வைகாசி இளவேனிலில் கபம் உச்சத்தில் இருக்கும் என்கிறது சித்த மருத்துவம். கபத்தைக் குறைக்கும் சுவைகளில் ஒன்று கசப்பு! அதே சித்திரையில்தான் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவும் வருகிறது. முல்லையாற்றில் குளித்து, தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுத்து ஊரே திரளும். ஒன்று மட்டும் கவனம். பூ சரி, வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைக்கு உள்ளே கொடுத்தால் மூளையும் ஈரலும் கெட்டு உயிருக்கே ஆபத்து.

போடிநாயக்கனூர் ஏலக்காய்க்கும் தமிழ் இலக்கியத்துக்கும் ஒட்டு உண்டு தெரியுமா? பதினெண்கீழ்க்கணக்கில் திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி மூன்றுமே மருந்தின் பெயரைத் தாங்கிய நூல்கள்! ஏலம் ஒரு பங்கு, இலவங்கப்பட்டை இரண்டு, நாககேசரம் மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு என்று சேர்த்தால் ஏலாதி. மலையில் விளைந்த ஏலக்காய் போடிக்கு வந்து தரம் பிரிந்து, மின்னணு ஏலத்தில் விலை போகிறது. ஐப்பசி அடைமழையில் தீபாவளி லேகியம் கிளறும்போது சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் ஒரே சட்டியில் இறங்கும். பலகாரம் தின்ற வயிற்று மந்தத்துக்கு அதைவிடக் கைகண்ட மருந்து எது?

இன்னும் கேளுங்கள்! இந்தியா முழுக்கத் தோட்டங்களில் நிற்கும் பி.கே.எம்.1 செடிமுருங்கையில் ‘பி.கே.எம்.’ என்பது பெரியகுளம்! அங்குள்ள தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட ரகம் அது. கீரை நாலு வாய் கூடினால் வயிறு இளகும் என்று எல்லா வீட்டிலும் தெரியும். அதனால்தான் ராத்திரியில் சமைக்க மாட்டார்கள்.

கம்பம் பன்னீர் திராட்சை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது என்கிறார்கள். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற ஊர்களில் பருவத்துக்குத்தான் திராட்சை, இங்கே ஆண்டு முழுக்க அறுவடை! ஆனால் திராட்சை மட்டுமே தின்று புற்றுநோயை விரட்டலாம் என்று தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னா பிராண்ட் 1928-ல் ஒரு புத்தகமே எழுதினார். இன்றும் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை. அதை நம்பிச் சிகிச்சையை விட்டுவிடாதீர்கள். பழத்தைப் பழமாகத் தின்போம், விதையோடு மென்று.

எல்லாவற்றையும் விடப் பெரிய அதிசயம் நம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றிரண்டு லிட்டரைத்தான் வெளியே அனுப்புகின்றன. குடலின் உள்தோல் நாலைந்து நாளில் புதிதாகிவிடுகிறது. ஈரல் ஒரு நிமிஷமும் ஓய்வதில்லை. சுத்தம் செய்வது இவைதான். பருவத்துக்கு ஏற்றபடி சோற்றை மாற்றி, இடையிடையே வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, இவற்றின் பாரத்தைக் குறைத்ததுதான் நம் முன்னோர் செய்த கெட்டிக்காரத்தனம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பச்சை நிற ‘டீடாக்ஸ்’ பொட்டலத்தை ஆயிரக்கணக்கில் காசு கொட்டி வாங்குவதற்கு இதில் எங்கேயும் இடமில்லை.

வேப்பம்பூ ரசமும் சுக்குக் காபியும் நீங்களே வைத்துக்கொள்ளலாம். பேதி, வமனம், நசியம் மூன்றையும் வீட்டில் தன்னிச்சையாகச் செய்யாதீர்கள். சர்க்கரை, இதயம், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் வயதானவர்களும் இன்னும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். நீர்ச்சத்து இறங்கினால் நிலைமை கைமீறிவிடும். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்ன பிறகு தொடங்குங்கள்.