எந்த நிலவேம்பு?

இடம்பெயரும் குடும்பம் பாயையும் பானையையும் கொண்டு வரலாம். பாட்டி காட்டித் தந்த மூலிகைக் காட்டைக் கொண்டு வர முடியாது. புதிய இடத்தில் செடியும் வேறு, அயலவர் சொல்லும் பெயரும் வேறு. மூலிகை பறித்து விற்று அடுப்பெரிப்பவர்களுக்கு இது வயிற்றுப் பிரச்சினை.

நிலவேம்பை எடுத்துக்கொள்வோம். கண்டிச் சிங்கள மக்கள் 'பிங்கொஹொம்ப' என்பது மன்ரோனியா பின்னாட்டா என்னும், வேம்பின் குடும்பத்துச் சிறு செடி. தமிழகத்தில் நிலவேம்புக் குடிநீருக்கு இடுவதோ அன்ட்ரோகிராபிஸ் பனிக்குலாட்டா. அதற்கு வேம்போடு உறவில்லை. இரண்டும் கசக்கும், இரண்டையும் காய்ச்சலுக்குக் குடிப்பார்கள். முன்னது அரிதாகி விலையேறியதால் பின்னது அதன் பெயரில் விற்கப்படுவதுண்டு.

பச்சைச் செடியென்றால் கண்ணே போதும். முன்னதில் ஒரு காம்பில் பல சிற்றிலைகள் இருக்கும். பின்னதில் தனியிலைகள் எதிரெதிராக இருக்கும், தண்டு நாற்கோணமானது. காய்ந்து பொடியான பின் என்ன செய்வது?

அங்கேதான் மரபணுச் சோதனை உதவுகிறது. ஒவ்வொரு கலத்திலும் உள்ள டி.என்.ஏ. நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட நீண்ட ஏடு போன்றது. அதில் சிறு பகுதியைப் பிரதி பெருக்கி வாசித்து, சரியாக இனங்கண்ட செடியின் எழுத்துக்களோடு ஒப்பிடுகிறார்கள். தாவரங்களுக்குப் பச்சையவுருமணியிலுள்ள இரு பகுதிகளை 2009இல் சர்வதேச அறிஞர் குழு பரிந்துரைத்தது. ஒப்பிட நம்பகமான மாதிரி வேண்டும். பேராதனைத் தாவரவியல் பூங்காவிலுள்ள தேசிய உலர்தாவரச் சேகரிப்பின் பெறுமதி இங்கேதான் விளங்குகிறது.

இது வீண் ஆராய்ச்சியல்ல. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மருந்துண்ட பெண்கள் 100க்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் பாதிக்கப்பட்டனர். சீன மூலிகையொன்றுக்குப் பதிலாக, பெயர் ஒத்த நச்சுச் செடி கலந்திருந்ததே காரணம்.

ஆனால் இச்சோதனை எல்லாவற்றையும் சொல்லாது. நன்கு காய்ச்சிய கசாயத்தில் டி.என்.ஏ. சிதைந்திருக்கும். மருந்தின் வீரியத்தையும், தெளித்த கிருமிநாசினியையும் அது காட்டாது.

ஆய்வுகூடம் நமக்குத் தூரம். ஆயினும் சில காரியங்கள் நம் கையிலுண்டு. பூவும் இலையுமாக ஒரு கிளையைப் பத்திரிகைத் தாளில் அழுத்திக் காயவையுங்கள். பறித்த இடம், நாள், இரு மொழிப் பெயர்களை எழுதி வையுங்கள். ஆயுர்வேத வைத்தியரிடம் காட்டிக் கேளுங்கள். வெவ்வேறு செடிகளை ஒரே சாக்கில் கட்டாதீர்கள். அரிய செடியை வேரோடு பிடுங்காமல், இனந்தெரிந்த நாற்றை வளவில் நடுங்கள்.

அப்போது வியாபாரி "இது அதுவல்ல" என்று விலையைக் குறைத்தால், காட்டுவதற்கு உங்கள் கையில் சாட்சி இருக்கும்.