துணை நூலகங்களின் பெயர்மாற்றம்

ஒரு வகுப்பு மாணவரிற் பாதிப்பேர் பாடநூலின் பழைய பதிப்பையும் ஏனையோர் புதிய பதிப்பையும் கொண்டுவந்திருப்பின், ஆசிரியர் நாற்பதாம் பக்கத்தை எடுக்கச் சொன்னதும் வகுப்பு இரண்டுபடும். பாடம் இரண்டிலும் ஒன்றே. பக்க எண் மாத்திரமே வேறு. ஆயினும் அன்றைய பாடம் நடவாது. கைத்தொலைபேசிச் செயலிகளை ஆக்குவோரிடையே 2018ஆம் ஆண்டில் தொடங்கிய மாற்றமொன்றும் இத்தன்மையதே.

அன்ட்ரொயிட் இயங்குதளம் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படுகின்றது. ஆனால், புதிய பதிப்பு எல்லாக் கைத்தொலைபேசிகளையும் சென்றடைவதில்லை. பழைய கருவியையே பல ஆண்டுகள் வைத்திருப்போர் உளர். புதிய வசதியை இயங்குதளத்தில் மாத்திரம் சேர்த்தால் அவர்களுக்கு அது கிட்டாது. இக்குறையை நீக்கவே கூகிள் நிறுவனம் 2011இல் துணை நூலகத்தை வெளியிட்டது. நூலகம் என்பது இங்கே புத்தகசாலை அன்று. செயலி எழுதுவோர் எடுத்தாள்வதற்கென முன்னரே எழுதிவைத்த நிரல்களின் தொகுதியாகும். அத்தொகுதி செயலியோடு கூடவே கருவிக்குட் செல்வதால், பழைய கருவியிலும் புதிய வசதிகள் பல இயங்கலாயின.

காலப்போக்கில் இந்நூலகங்களின் பெயர்கள் பொருளிழந்தன. வி4, வி7 என்னும் ஒட்டுகள், இயங்குதளத்தின் எத்தனையாம் நிலையிலிருந்து அந்நூலகம் பயன்படும் என்பதைக் குறித்தன. 2017இல் வெளிவந்த 26ஆம் பதிப்போ 14ஆம் நிலைக்குக் கீழ்ப்பட்ட கருவிகளைக் கைவிட்டது. பெயரில் 4 என்ற எண் அப்படியே நின்றது. மேலும், கருவியிலேயே உள்ள நிரல்களும் செயலியோடு வரும் நிரல்களும் ‘அன்ட்ரொயிட்’ என்ற ஒரே முன்னொட்டைத் தாங்கியமையால், எது எங்குள்ளது என்று பிரித்தறிதல் அரிதாயிற்று.

ஆகவே 2018 மே மாதத்தில் ‘அன்ட்ரொயிட் எக்ஸ்’ என்னும் புதிய பெயரைக் கூகிள் அறிவித்தது. செயலியோடு வரும் துணை நூலகங்கள் அப்பெயரின்கீழ் அமைந்தன. முன்னர் அவை யாவும் ஒரே பதிப்பெண்ணோடு ஒருங்கே செல்ல வேண்டியிருந்தது. இப்பொழுது ஒவ்வொன்றும் தனக்குரிய எண்ணோடு தனித்தனியே வளர்கின்றது. பழைய தொகுதி 2018 செப்டெம்பரில் வெளிவந்த 28.0.0 என்ற பதிப்போடு நின்றுவிட்டது. அதன்பின் செய்யப்படும் திருத்தங்கள் புதிய பெயரிலேயே வருகின்றன.

பெயர்தானே மாறிற்று, அதனால் என்ன என்று கேட்கலாம். மனிதரோ பெயர் மாறினாலும் ஆளை அறிந்துகொள்வர். நிரலை இயந்திரத்துக்கேற்ப மாற்றும் தொகுப்பி அவ்வாறு அறியாது. உள்ளடக்கம் எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பினும், இரு பெயர் கொண்டவை அதற்கு இருவேறு பொருள்களே. ஒரு செயலி புதிய பெயருக்கு மாறிவிட, அது எடுத்தாளும் பிறருடைய நூலகம் பழைய பெயரையே கேட்டுநிற்குமாயின், செயலி உருப்பெறாது; உருப்பெற்றாலும் பயன்படுத்துவோர் கையில் திடீரென நின்றுவிடும்.

இவ்விடரைத் தணிக்க ‘ஜெற்றிபையர்’ என்னும் கருவி அளிக்கப்பட்டது. செயலியை உருவாக்கும் வேளையில், பிறருடைய நூலகங்களிற் காணும் பழைய பெயர்களை அது புதியனவாக மாற்றிவிடும். எனினும் இஃது ஊன்றுகோலேயன்றிக் காலன்று. ஒவ்வொரு நூலகத்தையும் அது துருவிப் பார்ப்பதால் வேலை தாமதமாகும். ஒரேயொரு நூலகம் மாறாதிருந்தாலும், அதன்பொருட்டு முழுச் செயலியும் அந்த ஊன்றுகோலைத் தாங்கவேண்டும்.

எனவே, பிறர் பயன்பாட்டுக்கென நூலகம் ஆக்குவோரின் பொறுப்பு பெரிது. அவர்கள் மாறாதிருப்பின் மாறியவர்களுக்கு இடர். முன்னறிவிப்பின்றி மாறினால் மாறாதவர்களுக்கு இடர். 2019 யூன் 17ஆந் திகதி கூகிள் தன் பிளே சேவை நூலகங்களையும் பயர்பேஸ் நூலகங்களையும் புதிய பெயருக்கு மாற்றி வெளியிட்டது. பதிப்பின் முதன்மை எண்ணும் உயர்த்தப்பட்டிருந்தது. ஆனால், எண்ணைக் குறிப்பிடாது ‘எது புதிதோ அது வருக’ என்று எழுதிவைத்திருந்த செயலிகளும் இடைநூலகங்களும் பல. முதல்நாள் செவ்வனே உருவான செயலி, ஓரெழுத்தும் மாற்றப்படாதிருக்க, மறுநாள் உருவாகாது போயிற்று. வேண்டிய பதிப்பைத் திட்டமாகக் குறித்துவைத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதைப் பலர் அன்றுதான் உணர்ந்தனர்.

மாற்றத்தைச் செய்வதற்கும் ஒரு முறையுண்டு. முதலில் நூலகத்தைப் பழைய தொகுதியின் 28.0.0 பதிப்புக்கு உயர்த்திச் சோதித்தல் வேண்டும். அப்பதிப்பும் அன்ட்ரொயிட் எக்ஸின் 1.0.0 பதிப்பும் பெயரளவிலேயே வேறுபடுவன; ஆதலால், இந்தப் படியில் தோன்றும் பிழை பழைமையால் வந்தது, அடுத்த படியில் தோன்றுவது பெயரால் வந்தது என்று பிரித்தறியலாம். பின்னர் பெயர்களை மாற்றலாம். அன்ட்ரொயிட் ஸ்ரூடியோ என்னும் எழுதுகருவியின் 3.2ஆம் பதிப்பு முதல் இதற்கென ஒரு கட்டளை உண்டு. ஆயினும் கருவி செய்ததைக் கண்ணாற் பார்த்தல் அவசியம். திரை அமைப்புக் கோப்புகளிலும் நிரலைச் சுருக்கும் விதிகளிலும் பழைய பெயர் ஒளிந்திருத்தல் கூடும். இவ்வேளையிற் புதிய வசதி எதனையும் சேர்த்தல் ஆகாது. சேர்த்தால் பிழையின் வேரைக் காண்பது கடினமாகும்.

இறுதியாக, மாறிய நூலகத்தைப் புதிய முதன்மை எண்ணோடு வெளியிட்டு, மாற்றத்தின் தன்மையை முதல் வரியிலேயே அறிவித்தல் வேண்டும். பழைய பதிப்பையும் உடனே கைவிடாது, குறித்த ஒரு காலம்வரை பிழை திருத்திக் கொடுத்தல் முறையாகும்.

நூலகம் ஆக்குவோர் தம்மை நம்பியிருப்போரை நேரிற் காண்பதில்லை. அவர்களுக்கும் அப்பால், பழைய கைத்தொலைபேசியில் அச்செயலியைத் திறந்து பார்க்கும் ஒருவருக்கு நூலகம் என்ற சொல்லே தெரியாது. அவருக்குச் செயலி இன்றும் நேற்றுப்போலத் திறக்கவேண்டும். பெயர் மாறியதை அவர் அறியாதிருப்பதே மாற்றம் செவ்வனே நடந்தேறியது என்பதற்குச் சான்றாகும்.