பழஞ்சுவருக்குப் புதுவலிமை

சேலம் மாவட்டத்து ஆட்டையாம்பட்டியைக் கைமுறுக்கால் பலர் அறிவர். அதனையொத்த சேலம், நாமக்கல் சமவெளி ஊர்களில் தலைமுறைகள் பல கண்ட பள்ளிக் கட்டடங்கள் உண்டு. தாத்தா படித்த வகுப்பறையில் பேரனும் படிப்பது பெருமையே. ஆயினும், அச்சுவர் பேரனைக் காக்கும் வலிமையோடு நிற்கிறதா என்னும் வினா அப்பெருமையினும் முதன்மையானது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் உயிரிழந்தனர். அதன்பின் மாநிலமெங்கும் பள்ளிக் கட்டடங்கள் ஆய்வு செய்யப்பட்டன; பழுதுற்றவை பல இடிக்கப்பட்டன. எதனை இடிப்பது, எதனை வலுப்படுத்துவது எனப் பிரித்தறிவதே இத்துறையின் முதற்பாடம்.

நோய் அறிதல்

விரிசல்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. பூச்சில் மட்டும் தோன்றும் மயிரிழைக் கீறலால் பெருந்தீங்கு இல்லை. சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப்போல் சாய்வாக ஏறும் விரிசலோ, அடித்தளம் ஒருபுறம் தாழ்ந்திருக்கலாம் என்பதை உணர்த்தும். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தால் பதித்து, அதில் நாளைக் குறித்துவைப்பர். சில மாதங்களில் கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் வளர்கிறது என்பது பொருள். அந்நிலையில் பூசி மறைப்பது பயன்தராது. காரணத்தைக் களைதல் வேண்டும். கூரை ஒழுக்கு, சுவரில் வேரோடிய அரசங்கன்று, மரச்சட்டங்களை அரித்த கரையான் ஆகியனவும் ஆராயப்படும்.

மருந்து தேர்தல்

பழஞ்சுவர்கள் பல செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. சுண்ணாம்பு ஈரத்தை வெளியேற்றும். சிறு அசைவுகளுக்கு ஈடுகொடுக்கும். அதன்மேல் இறுக்கமான சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் செங்கல் உதிரும். ஆதலின், பழுதுபார்க்கவும் சுண்ணாம்புச் சாந்தே ஏற்றது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை அதில் சேர்ப்பது நம் கொத்தர்களின் மரபறிவு.

கட்டுறுதி சேர்த்தல்

1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. 2002ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலை, சேலத்தையும் கோவையையும் மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் வைத்தது. நிலம் அதிரும்போது சுவர்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதே பல கட்டடங்கள் சரியக் காரணமாகிறது. எனவே, கதவு சன்னல்களுக்கு மேலேயும் மூலைகளிலும் கம்பிவலை பதித்த சிமெண்டுப் பட்டைகள் அமைக்கப்படும். பெட்டியைக் கயிற்றால் கட்டுவதுபோல இவை நான்கு சுவர்களையும் பிணைக்கும். பட்டைகள் சிறு பரப்பையே மூடுவதால் எஞ்சிய சுவர் ஈரத்தை வெளியேற்றத் தடையில்லை. விரிசல்களுக்குள் நீர்த்த சாந்து அழுத்தத்துடன் செலுத்தப்படும். கூரைச் சட்டங்கள் சுவரோடு இணைக்கப்படும்.

அடித்தளமே சிதைந்த கட்டடத்தைப் பழைமையின் பொருட்டுத் தாங்கி நிற்பது அறமன்று. சீர்செய்யத்தக்கதை அவசரத்தில் இடிப்பதும் அறிவன்று. அவ்விரண்டையும் முடிவுசெய்ய வேண்டியவர் பொறியாளர். எனினும், வகுப்பறையில் நாள்தோறும் அமர்பவர் மாணவரே. புதிய விரிசலை முதலில் காணும் கண்ணும் அவருடையதே. கண்டதை அன்றே ஆசிரியரிடம் கூறுதல் பல உயிர்களைக் காக்கும்.