ஜாவர் நல்லவனா, கெட்டவனா?

பழைய தமிழ்ப் படங்களைப் பார்த்தவர்களுக்கு ஜாவர் சீதாராமனைத் தெரியும். 1954-ம் ஆண்டில் வெளிவந்த "அந்த நாள்" படத்தில் துப்பறியும் அதிகாரியாக நடித்தவர். படங்களுக்கு வசனம் எழுதியவர். பத்திரிகைகளில் தொடர்கதைகளும் எழுதியவர்.

சீதாராமன் என்பது அவருடைய பெயர். "ஜாவர்" என்பது என்ன? ஊர்ப் பெயரா? பட்டமா? குடும்பப் பெயரா?

மூன்றும் இல்லை. அது ஒரு கதாபாத்திரத்தின் பெயர்!

1950-ம் ஆண்டில் "ஏழை படும் பாடு" என்ற படம் வெளிவந்தது. பட்சிராஜா ஸ்டூடியோ தயாரித்த படம். கே. ராம்நாத் டைரக்ட் செய்தார். சித்தூர் வி. நாகையா கதாநாயகனாக நடித்தார். கதாநாயகனை விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரி வேடம் சீதாராமனுக்குக் கிடைத்தது. அந்த அதிகாரியின் பெயர்தான் ஜாவர்.

படம் ஓடி முடிந்தது. ஆனால் பெயர் போகவில்லை. சீதாராமன் கடைசிவரை "ஜாவர் சீதாராமன்" ஆகவே இருந்தார்.

இதில் ஓர் அதிசயம் உண்டு. மக்கள் மனதில் ஒட்டிக்கொண்டது கதாநாயகனின் பெயர் அல்ல. கதாநாயகனைத் துன்புறுத்தியவனின் பெயர்! இது ஏன்? ஒரு கதாபாத்திரம் மறக்க முடியாததாக ஆவது எப்படி?

பதில், பிரெஞ்சு நாட்டில் பிறந்த அந்த மூலக் கதையிலேயே இருக்கிறது.

ரொட்டி திருடியவன்

"ஏழை படும் பாடு" கதையின் மூலம், விக்டர் ஹியூகோ எழுதிய "லே மிசரபிள்" என்ற பெரிய நாவல். 1862-ம் ஆண்டில் வெளிவந்தது. சுத்தானந்த பாரதியார் அதைத் தமிழில் தந்தார்.

ஹியூகோ இந்த நாவலை எழுதத் தொடங்கியது 1845-ம் ஆண்டில். மறு ஆண்டு பிப்ரவரி மாதத்தில், பாரிஸ் தெருவில் அவர் ஒரு காட்சியைக் கண்டார். மெலிந்த மனிதன் ஒருவனைச் சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் செய்த குற்றம், ஒரு ரொட்டியைத் திருடியது. பக்கத்தில் ஒரு கோச்சு வண்டி நின்றது. உள்ளே வெல்வெட் உடை அணிந்த ஒரு சீமாட்டி. அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. இந்தக் காட்சியை ஹியூகோ தம் குறிப்பில் எழுதி வைத்தார்.

பிறகு அரசியல் புயல் வீசியது. 1851-ம் ஆண்டில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றினார். அவரை எதிர்த்த ஹியூகோ நாட்டை விட்டு ஓட நேர்ந்தது. இங்கிலீஷ் கால்வாயில் உள்ள குயெர்ன்சி என்ற சிறு தீவில் இருந்தபோதுதான் அவர் இந்த நாவலை மீண்டும் கையில் எடுத்தார்.

கதை இதுதான். ஜீன் வல்ஜீன் ஒரு கூலித் தொழிலாளி. விதவையான அக்காளுக்கு ஏழு குழந்தைகள். ஒரு குளிர்காலத்தில் வேலை இல்லை. வீட்டில் உணவு இல்லை. அவன் ஒரு ரொட்டியைத் திருடினான். தண்டனை 5 ஆண்டு. தப்பி ஓட முயன்றதால் தண்டனை நீண்டுகொண்டே போயிற்று. விடுதலை ஆனபோது 19 ஆண்டுகள் கழிந்துவிட்டன!

வெளியே வந்தவனுக்கு எந்த விடுதியிலும் இடம் இல்லை. ஒரு பிஷப் மட்டும் அழைத்துச் சாப்பாடு போட்டார். படுக்கவும் இடம் தந்தார். அவரிடமே வெள்ளிச் சாமான்களைத் திருடிக்கொண்டு ஓடினான். போலீசார் பிடித்து வந்தார்கள். பிஷப் என்ன செய்தார்? அவற்றைத் தாமே கொடுத்ததாகக் கூறினார். அதோடு, இரண்டு வெள்ளி விளக்குத் தண்டுகளையும் அவன் கையில் கொடுத்தார்!

அந்த அன்பு அவனை மாற்றியது. வேறு பெயர் வைத்துக்கொண்டான். வேறு ஊருக்குப் போனான். தொழிற்சாலை நடத்தினான். பலருக்கு வேலை கொடுத்தான். அந்த ஊருக்கு மேயராகவும் ஆனான்.

அதே ஊருக்குத்தான் இன்ஸ்பெக்டராக வந்தான் ஜாவர்.

சிறையில் பிறந்த போலீஸ்காரன்

ஜாவர் யார்? அவன் பிறந்த இடமே சிறைச்சாலை! தாய், குறி சொல்லிப் பிழைத்தவள். தகப்பன் ஒரு கைதி.

குற்றவாளிகளுக்குப் பிறந்த பையனுக்குச் சமுதாயத்தில் இடம் இல்லை. உள்ளே வர முடியாமல் வாசலிலேயே நிற்க வேண்டியவர்கள் இரண்டே வகையினர் என்று அவனுக்குத் தோன்றியது. ஒரு வகையினர் சமுதாயத்தைத் தாக்குகிறவர்கள். மற்றொரு வகையினர் அதைக் காவல் காக்கிறவர்கள். தாக்கலாம், அல்லது காக்கலாம். ஜாவர் காவலைத் தேர்ந்தெடுத்தான்.

இங்கேதான் ஹியூகோவின் திறமை தெரிகிறது. ஜாவர் கொடியவன் என்று மட்டும் சொல்லி அவர் நிறுத்தவில்லை. அவன் ஏன் அப்படி ஆனான் என்பதைக் காட்டுகிறார். தான் பிறந்த இடத்தை நினைத்து அவன் வெட்கப்பட்டான். அந்த வெட்கம்தான் குற்றவாளிகள் மீது கோபமாக மாறியது.

அவன் லஞ்சம் வாங்க மாட்டான். பொய் சொல்ல மாட்டான். குடிக்க மாட்டான். எளிய வாழ்க்கை. மனம் மகிழ்ந்தால் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போடுவான். அவனுடைய ஆடம்பரம் அவ்வளவுதான்!

இப்படிப்பட்ட அதிகாரி கிடைத்தால் எந்த ஊரும் மகிழ்ச்சி அடையாதா? ஆனால் அவனைக் கண்டு ஏழைகள் நடுங்கினார்கள். காரணம், அவனிடம் இரக்கம் இல்லை. பெற்ற தகப்பனே சிறையிலிருந்து தப்பி வந்தாலும் பிடித்துக் கொடுக்கக் கூடியவன் அவன்.

நல்ல குணம் அளவுக்கு மீறினால் கொடுமை ஆகிவிடும். ஜாவரின் குறை எங்கே இருக்கிறது? அவனுடைய நேர்மைக்குள்ளேயே இருக்கிறது!

என்னை நீக்குங்கள்!

மேயரைப் பார்த்ததும் ஜாவருக்குச் சந்தேகம் எழுந்தது. ஒரு நாள், பாரம் ஏற்றிய வண்டியின் அடியில் ஒரு கிழவர் சிக்கிக்கொண்டார். மேயர் சேற்றில் படுத்து, முதுகால் வண்டியைத் தூக்கினார். அத்தனை பலம் உள்ள ஒரே மனிதனைத்தான் ஜாவர் கண்டிருந்தான். தூலோன் சிறையில் இருந்த ஒரு கைதி!

மேயர்மீது அவன் பாரிசுக்குப் புகார் எழுதினான். பதில் வந்தது. உண்மையான ஜீன் வல்ஜீன் வேறு ஊரில் பிடிபட்டுவிட்டான் என்று பதில். அங்கே ஓர் அப்பாவியை ஜீன் வல்ஜீன் என்று தவறாக நினைத்துக் கைது செய்திருந்தார்கள்.

சாதாரண வில்லனாக இருந்தால் என்ன செய்வான்? புகார் எழுதியதையே மறைத்துவிடுவான். ஜாவர் நேராக மேயரிடம் போனான். குற்றத்தை ஒப்புக்கொண்டான். தன்னை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று கேட்டான். ராஜினாமா செய்வது கௌரவமாகப் போவதாகும். தனக்கு வேண்டியது தண்டனை என்று வாதாடினான். பிறரிடம் இரக்கம் காட்டாதவன், தன்னிடமும் இரக்கம் காட்டவில்லை!

இதைப் படிக்கும்போது நமக்கு அவன்மீது கோபம் குறைகிறது. மரியாதை பிறக்கிறது.

மேயரின் நிலையோ இன்னும் கஷ்டம். சும்மா இருந்தால் போதும். அவர் என்றென்றும் தப்பிவிடலாம். ஆனால் ஓர் அப்பாவி ஆயுள் முழுவதும் சிறையில் வாடுவான். இரவு முழுவதும் அவர் மனதோடு போராடினார். போகாமல் இருந்துவிட நூறு காரணம் தேடினார். கடைசியில் கோர்ட்டுக்குப் போய், தாமே ஜீன் வல்ஜீன் என்று அறிவித்தார்.

நல்லவனுக்கும் தடுமாற்றம் உண்டு. கெட்டவன் என்று நினைத்தவனுக்கும் நேர்மை உண்டு. பாத்திரங்களுக்கு உயிர் கொடுப்பது இதுதான்.

இதே நாவலில் தெனார்தியே என்று ஒருவன் வருகிறான். விடுதி நடத்துகிறவன். அடைக்கலமாக விட்ட சிறுமியை வேலைக்காரி ஆக்குகிறான். பணத்துக்காக எதையும் செய்வான். முதல் பக்கத்தில் எப்படியோ, கடைசிப் பக்கத்திலும் அப்படியே. அவனைப் பார்த்து நாம் ஆத்திரப்படலாம். ஆனால் அவனைப் பற்றி இரவில் படுத்துக்கொண்டு யோசிக்க எதுவும் இல்லை.

"நீ" போய் "நீங்கள்" வந்தது

ஆண்டுகள் ஓடின. 1832-ம் ஆண்டு ஜூன் மாதம் பாரிசில் கலகம் மூண்டது. தெருக்களில் தடுப்பு அரண்கள் எழுந்தன. உளவு பார்க்க வந்த ஜாவரைக் கலகக்காரர்கள் பிடித்துக் கட்டிப் போட்டார்கள். அவனைச் சுட்டுக்கொல்லும் வேலையை ஜீன் வல்ஜீன் கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஜாவருக்கு இதில் ஆச்சரியம் இல்லை. தன்னை ஆயுள் முழுவதும் துரத்தியவனைக் கைதி பழிவாங்குகிறான். உலக வழக்கம் அதுதானே?

சந்துக்குள் அழைத்துப் போன ஜீன் வல்ஜீன் கத்தியை எடுத்தான். கட்டுகளை அறுத்தான். போகலாம் என்றான். தான் தங்கியிருக்கும் வீட்டு விலாசத்தையும் சொன்னான். பிறகு வானத்தை நோக்கிச் சுட்டான்!

ஜாவர் திகைத்து நின்றான். இதைவிடத் தன்னைக் கொன்றுவிடலாம் என்று சொன்னான். அப்படிச் சொல்லும்போது ஒரு சிறு மாற்றம் நேர்ந்தது. தமிழைப் போலவே பிரெஞ்சு மொழியிலும் "நீ" உண்டு, "நீங்கள்" உண்டு. கைதியை எப்போதும் "நீ" என்று பேசிய ஜாவரின் வாயில் "நீங்கள்" என்ற சொல் வந்துவிட்டது. அவனே அதைக் கவனிக்கவில்லை என்கிறார் ஹியூகோ.

மனிதன் மாறுவதைக் காட்டப் பத்துப் பக்க வசனம் தேவை இல்லை. ஒரு சொல் போதும்!

ஆற்றங்கரையில் ஒரு கடிதம்

அன்று இரவு ஜீன் வல்ஜீன், காயம்பட்ட ஓர் இளைஞனைத் தோளில் சுமந்துகொண்டு, பாரிசின் பாதாளச் சாக்கடை வழியாக வெளியே வந்தான். வெளியே நின்றவன் ஜாவர். இப்போது கைது செய்ய வேண்டியதுதான்.

ஆனால் ஜாவர், இளைஞனை வீடு சேர்க்க உதவினான். ஜீன் வல்ஜீனை அவனுடைய வீட்டுக்கு அழைத்துப் போனான். அவன் மாடிக்குப் போய்த் திரும்புவதற்குள், ஜாவர் வாசலை விட்டுப் போய்விட்டான்!

ஜாவர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சட்டத்தை மீறினான். கைது செய்தால், உயிர் கொடுத்தவனுக்குத் துரோகம். விட்டுவிட்டால், சட்டத்துக்குத் துரோகம். இரண்டில் எதைச் செய்தாலும் குற்றம். ஒரு கைதி தன்னைவிட உயர்ந்தவனாக இருக்க முடியும் என்பதை அவனால் நம்பவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

அவன் போலீஸ் நிலையத்துக்குப் போனான். காகிதம் வாங்கினான். மேலதிகாரிக்கு எழுதினான். தன்னைப் பற்றி அல்ல. நிர்வாகத்தில் உள்ள குறைகள் பற்றி! பத்து விஷயங்களை வரிசையாகக் குறிப்பிட்டான். விசாரணையிலிருந்து திரும்பும் கைதிகளைச் சோதனை செய்யும்போது வெறுங்காலுடன் கல்தரையில் நிற்க வைக்கிறார்கள். அதனால் அவர்களுக்கு இருமல் வருகிறது என்று எழுதினான். பார்க்க ஆள் வந்திருக்கும்போது, கைதியின் பெயரைத் தெளிவாகக் கூப்பிடுவதற்குக் கூடக் காசு வாங்குவது திருட்டு என்று எழுதினான்.

கைதிகள் படும் கஷ்டம் அவன் கண்ணில் முன்பே பட்டிருக்கிறது. அன்று இரவுதான் அவன் கை அதை எழுதியது.

கடிதத்தை முடித்து வைத்துவிட்டு, சீன் ஆற்றங்கரைக்குப் போனான். தொப்பியைச் சுவர்மேல் வைத்தான். ஆற்றில் குதித்தான்.

என்ன பரிதாபம்! அவனுக்கு மட்டும் ஒருவர் அன்பைச் சொல்லிக் கொடுத்திருந்தால்? ஜீன் வல்ஜீனுக்கு ஒரு பிஷப் கிடைத்தார். ஜாவருக்கு அப்படி ஒருவர் இளமையில் கிடைக்கவில்லை. கிடைத்தபோது, அதைத் தாங்கும் பழக்கம் அவன் நெஞ்சுக்கு இல்லை.

ஒரு மனிதர், இரண்டு பாத்திரங்கள்

இந்த இருவரையும் ஹியூகோ எங்கிருந்து பிடித்தார்? ஆராய்ச்சியாளர்கள் ஒருவரைச் சுட்டிக் காட்டுகிறார்கள். அவர் பெயர் விடோக். 1775-ம் ஆண்டில் பிறந்தவர். இளமையில் பல தடவை சிறை சென்றவர். பல தடவை தப்பி ஓடியவர். அதே விடோக் பிற்காலத்தில் பாரிஸ் துப்பறியும் படைக்கே தலைவர் ஆனார்!

கைதியும் அவரே, போலீஸ் அதிகாரியும் அவரே. ஓர் உடலில் இருந்த இரண்டு குணங்கள், நாவலில் இரண்டு மனிதர்களாகி எதிரெதிரே நின்றன.

அப்படியானால் ஜாவர் நல்லவனா, கெட்டவனா?

கதையைக் கேட்கும் குழந்தைகள் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல முடியாததால்தான் ஜாவர் இத்தனை காலம் வாழ்கிறான். அவனுக்கு ஒரு கொள்கை உண்டு. அந்தக் கொள்கைக்கு ஒரு காரணம் உண்டு. அதனால் பிறர் படும் துன்பம் உண்டு. கடைசியில் அவன் மனமே அவனுக்கு எதிர் சாட்சி சொல்லும் நாளும் உண்டு. இந்த நான்கும் சேர்ந்த பாத்திரம் சாவதில்லை.

நம் தெருவிலும் ஜாவர்கள் உண்டு. பிள்ளை தவறு செய்தால் மன்னிக்கவே தெரியாத தகப்பனார். ஐந்து நிமிடத் தாமதத்துக்கு ஒரு நாள் சம்பளத்தை வெட்டும் மேலாளர். இவர்கள் திருடர்கள் அல்ல, பொய்யர்களும் அல்ல. ஒழுங்கு தவறாதவர்கள்தான். அவர்களிடம் இல்லாதது ஒன்றே ஒன்று.

பிஷப் வீட்டு வெள்ளி விளக்குத் தண்டுகள் இரண்டையும் ஜீன் வல்ஜீன் சாகும்வரை வைத்திருந்தான். அவன் கண் மூடிய இரவில் அவைதான் அந்த அறையில் எரிந்துகொண்டிருந்தன. ஜாவர் வாழ்க்கையில் அப்படி ஒரு விளக்கை ஏற்றி வைக்க யாரும் வரவில்லை.