டெலிபோன் நாற்காலியில் இருந்து சர்வர் அறைக்கு!
ஹெல்ப் டெஸ்க் ஊழியர்கள் முன்னேற வழி என்ன?

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் பலர் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் "ஹெல்ப் டெஸ்க்" பிரிவில் இருக்கிறார்கள். "பையன் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருக்கிறான்" என்று ஊரில் பெற்றோர் பெருமையாகச் சொல்கிறார்கள். உள்ளே இருப்பவருக்குத்தான் கஷ்டம் தெரியும்.

"ராத்திரி பூரா பாஸ்வேர்டு மாத்திக் கொடுக்கிறதுதான் வேலை, அண்ணே. மூணு வருஷமா இதே நாற்காலி" என்றார், அல்சூரில் குடியிருக்கும் ஒரு தம்பி. அவர் ஒப்பந்த ஊழியர்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மறந்துபோன பாஸ்வேர்டை அவரவரே மாற்றிக்கொள்ளும் வசதியைப் பல கம்பெனிகள் செய்துவிட்டன. அந்த ஒரு வேலை மட்டுமே தெரிந்தவருக்கு நாளை அந்த நாற்காலியும் மிஞ்சாது. அடுத்த படியில் ஏறியே தீரவேண்டும். அந்தப் படிக்குப் பெயர் "சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்".

என்ன வித்தியாசம்?

ரெயில் நிலையத்து விசாரணைக் கவுண்டரில் இருப்பவர், "வண்டி ஒரு மணி நேரம் தாமதம்" என்று பதில் சொல்வார். ஏன் தாமதம், எந்த வண்டியை எங்கே நிறுத்தி எதை முதலில் விடுவது என்று பார்ப்பது கண்ட்ரோல் அறை. ஹெல்ப் டெஸ்க் என்பது விசாரணைக் கவுண்டர் மாதிரி. சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் கண்ட்ரோல் அறையில் இருப்பவர். சர்வர்களை நிறுவுவது, யாருக்கு எந்த அனுமதி என்று வகுப்பது, தகவல்களுக்குப் பேக்கப் எடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

காரணத்தைத் தேடுங்கள்

ஓர் உதாரணம் பாருங்கள். "நெட் வரவில்லை" என்று காலையில் ஒருவர் போன் செய்கிறார். "அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்று சொல்லி அழைப்பை முடிப்பவர் உண்டு. "ஐ.பி.கான்பிக்" என்ற கட்டளையை அடிக்கச் சொல்லி, அந்தக் கம்ப்யூட்டரின் முகவரி எண்ணைக் கேட்பவரும் உண்டு.

எண் 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சர்வரிடம் இருந்து பதில் வரவில்லை. கம்ப்யூட்டர் தானாக ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். ஒரே மாடியில் பத்துப் பேருக்கு இப்படி இருந்தால், கோளாறு அவர்கள் மேஜையில் இல்லை. நெட்வொர்க் இணைப்பு அறுந்திருக்கலாம். சர்வரிடம் வழங்குவதற்கு எண்களே தீர்ந்து போயிருக்கலாம்.

இதை "டிக்கெட்" என்று அவர்கள் சொல்லும் புகார்ப் பதிவில் இரண்டு வரி எழுதி மேல் பிரிவுக்கு அனுப்புங்கள். அவர்கள் தேடி அலையும் நேரம் மிச்சம். "இதை எழுதியது யார்?" என்று கேட்பார்கள். இடம் காலியாகும்போது அந்தப் பெயர் நினைவுக்கு வரும்.

வீட்டிலேயே பழகலாம்

சர்வர்களில் பெருமளவு ஓடுவது லினக்ஸ். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது. உபுண்டு, ராக்கி லினக்ஸ் போன்றவற்றைக் காசு கொடுக்காமலே பெறலாம். "வர்ச்சுவல்பாக்ஸ்" என்ற இலவச மென்பொருளைப் போட்டால், ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே இரண்டு கம்ப்யூட்டர்களை ஓட்டிப் பழகலாம். கெட்டுப்போனால் அழித்துவிட்டு மறுபடி போடலாம், நஷ்டம் இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்!

இங்கிலீஷ் தடையாக இருக்கிறதா? பம்பாய் ஐ.ஐ.டி.யின் "ஸ்போக்கன் டுடோரியல்" திட்டத்தில் லினக்ஸ் பாடங்கள் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

ரெட் ஹாட் கம்பெனி நடத்தும் "ஆர்.எச்.சி.எஸ்.ஏ." தேர்வுக்கு மதிப்பு உண்டு. அங்கே விடை எழுதுவது கிடையாது. கம்ப்யூட்டரில் செய்து காட்டவேண்டும். அணைத்துப் போட்ட பிறகும் செய்த வேலை நிலைத்திருந்தால்தான் மார்க். மனப்பாடம் செல்லாது. "வேலை நிச்சயம்" என்று பணம் கேட்கும் இடங்களில் கையெழுத்துப் போடுமுன் நன்றாக யோசியுங்கள்.

பொறுப்பு பெரியது

மேலே போனால் சம்பளம் உயரும், பயமும் கூடும். 2017 ஜனவரி 31-ந் தேதி, "கிட்லாப்" கம்பெனியில் இரவு நேரம் வேலை பார்த்த என்ஜினீயர் ஒருவர், வேறு சர்வரில் இருப்பதாக நினைத்து முக்கிய சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜி.பி. தகவலில் மிஞ்சியது 4.5 ஜி.பி. மட்டுமே. பேக்கப் ஏற்பாடுகள் பல இருந்தும் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்துத் தகவல்கள் போனது போனதுதான். நடந்ததைக் கம்பெனியே வெளிப்படையாக எழுதி வெளியிட்டது.

பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. அதில் இருந்து தகவலைத் திரும்பக் கொண்டுவர முடிகிறதா என்று அவ்வப்போது சோதிக்க வேண்டும். எந்தச் சர்வரில் இருக்கிறோம் என்று பார்த்த பிறகே "எண்டர்" தட்டவேண்டும். இந்தப் பழக்கத்தை வீட்டில் பழகும்போதே கைக்குக் கொண்டுவருவது நல்லது.

சில கம்பெனிகள் பட்டம் கேட்கும். எல்லாக் கம்பெனியும் கேட்பதில்லை. ஷிப்டு முடிந்து தினம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும், தொடங்கிவிடலாம். இன்று இரவு வரும் முதல் அழைப்பிலேயே ஆரம்பியுங்கள். கோளாறு தீர்ந்ததும், அது ஏன் வந்தது என்று நோட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள்.