வலி முட்டியில்... கோளாறு எங்கே?

"மாவட்டப் போட்டிக்கு இன்னும் பத்தே நாள்தான் இருக்குதுங்க. இந்த நேரம் பார்த்து முட்டி வலிக்குதுங்கறா. தைலம் தேச்சு விட்டா சரியாப் போயிடுமா?"

வெண்ணந்தூரிலோ ராசிபுரத்திலோ, பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிற பெண்ணைப் பெற்ற தாய் யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். தைலம் தேய்ப்பதில் குற்றமில்லை; சூடு இதமாகவே இருக்கும். ஆனால் நாம் தேய்க்கிற இடத்தில்தான் கோளாறும் இருக்கிறதா?

தறி ஓடுகிற வீட்டில் இதை விளக்குவது சுலபம். துணியில் நெடுகக் கோடு விழுந்தால் நெசவாளி அந்தக் கோட்டையே முறைத்துக்கொண்டு உட்காருவதில்லை. பாவில் இழை அறுந்ததா, விழுதில் சிக்கலா, அச்சில் பல் வளைந்ததா என்று பின்னால் போய்ப் பார்க்கிறார். முழங்காலும் அப்படித்தான். மேலே இடுப்பு மூட்டு, கீழே கணுக்கால். இரண்டு பேர் சண்டைக்கும் நடுவில் நின்று ஏச்சு வாங்குகிற மருமகளைப் போல, அங்கும் இங்கும் உள்ள குறையை முட்டி சுமக்கிறது.

இந்த எண்ணத்தையே அடிப்படையாக வைத்து எழுந்த முறை ஆஸ்டியோபதி. 1864-ல் மூளைக்காய்ச்சலுக்கு மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க வைத்தியர், அந்தக் காலத்து மருந்துகளில் நம்பிக்கை இழந்து, எலும்பு, தசை, மூட்டு இவற்றைக் கையால் தொட்டுச் சோதிக்கும் வழியை 1874-ல் அறிவித்தார். 1892-ல் மிசௌரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில் ஊரில் பள்ளியும் தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களும் படித்தார்கள் என்பது நமக்கெல்லாம் சந்தோஷமான சேதி! இன்று அமெரிக்காவில் இதைப் படித்தவர்கள் மருந்து எழுதவும் அறுவை செய்யவும் உரிமை பெற்ற முழு டாக்டர்கள். நம் நாட்டிலோ இதற்கென்று தனி மருத்துவ மன்றம் கிடையாது. எனவே போர்டைப் பார்த்து மயங்காமல், என்ன படித்தார் என்று கேட்டுவிட்டே உள்ளே போக வேண்டும்.

அவர்கள் சோதிக்கும் விதம் அழகானது. அதை எலும்பு டாக்டரும், நல்ல பிஸியோதெரபிஸ்ட்டும்கூடச் செய்கிறார்கள். பெண் நடந்து வருவதைப் பார்ப்பார்கள். நிற்கும்போது பாதம் உள்ளே சரிகிறதா, முதுகு ஒரு பக்கம் வளைகிறதா என்று கவனிப்பார்கள். பிறகு படுக்க வைத்து இடுப்பு, முட்டி, கணுக்கால் ஒவ்வொன்றும் எவ்வளவு திரும்புகிறது, தொட்டால் எங்கே நோகிறது, தசை எங்கே இறுகியிருக்கிறது, இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று கையால் தேடுவார்கள்.

வலி எந்த இடத்தில் என்பதே பாதி விடை. முட்டிச் சில்லைச் சுற்றி நோகிறதா, படி இறங்கும்போதும் சினிமாக் கொட்டகையில் வெகுநேரம் காலை மடக்கி உட்கார்ந்தாலும் அதிகமாகிறதா? ஓடுகிறவர்களுக்கு மிகச் சாதாரணமாக வருவது அது. கொஞ்ச தூரம் ஓடிய பிறகு முட்டியின் வெளிப்பக்கம், மூட்டுக்குச் சற்று மேலே குத்தினால், தொடையின் பக்கவாட்டில் இறங்கும் பட்டை உறுத்துகிறது. சில்லுக்குக் கீழே எலும்பு மேடாகி, தொட்டாலே நோகிறதா? வளரும் வயதில் வருவது. வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். வாசல்படியில் ஒற்றைக் காலில் நின்று, மறு காலை மெதுவாகக் கீழே இறக்கச் சொல்லுங்கள். நிற்கிற காலின் முட்டி உள்பக்கம் சாய்ந்தால் இடுப்புப் பக்கத்துத் தசை சோம்பேறியாக இருக்கலாம். வலியே இல்லாத பெண்களில் பலருக்கும் இப்படிச் சாய்வதுண்டு. ஆகையால் இது ஓர் அடையாளம் மட்டுமே, தீர்ப்பு அல்ல.

இனி சொல்லப்போவதை மட்டும் மறக்கவே மறக்காதீர்கள். பத்து முதல் பதினாறு வயதுக்குள் உள்ள பிள்ளை, பெண்ணோ பையனோ, முட்டி வலி என்று நொண்டினால் இடுப்பையும் பார்த்தே ஆகவேண்டும். தொடை எலும்பின் பந்து போன்ற தலை, வளரும் இடத்தில் சறுக்கிவிடுவது உண்டு. இடுப்பில் வலியே இல்லாமல் முட்டியில் மட்டும் வலி காட்டுவதுதான் இதன் வஞ்சகம். முட்டியை எக்ஸ்ரே எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும். "ஒண்ணுமில்ல" என்று வீட்டுக்கு வந்துவிடுவோம். மல்லாக்கப் படுத்து முட்டியை மார்பை நோக்கி மடக்கும்போது கால் நேரே வராமல் தானாக வெளிப்பக்கம் திரும்பினால் சந்தேகப்படுங்கள். அழுத்தி மடக்க வேண்டாம், உருவி விடவும் வேண்டாம், நடக்கவும் விடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி. ராசிபுரம் அரசு மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியும், 2022-ல் திறந்த நாமக்கல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. இடுப்பையும் படம் எடுக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். சறுக்கியது உறுதியானால் ஆணி வைத்து நிறுத்துவார்கள். தாமதித்தால் ஆயுளுக்கும் நொண்டல் வரலாம். இரவில் எழுப்பும் வலி, காய்ச்சல், வீக்கம், மூட்டு பூட்டிக்கொள்வது இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது.

"இடுப்பு எலும்பு ஒரு பக்கம் ஏறிப்போச்சு, தட்டி உட்கார வைக்கிறேன்" என்று யாராவது சொன்னால் நான் சற்றுத் தயங்குவேன். ஒரே ஆளை இரண்டு நிபுணர்கள் தொட்டுப் பார்த்தால், ஏறியிருப்பது எந்தப் பக்கம் என்பதில் அடிக்கடி ஒத்துப்போவதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஒரு கால் மயிரிழை நீளமாக இருப்பதும் சகஜம்.

சில்லைச் சுற்றிய வலிக்கு இன்று நல்ல பலன் தருவது இடுப்புக்கும் தொடைக்கும் பயிற்சி. ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது, மல்லாந்து முட்டி மடக்கி இடுப்பை உயர்த்துவது... செலவே இல்லாத காரியங்கள்! ஆறு வாரமாவது விடாமல் செய்ய வேண்டும். கையால் பிடித்துவிடும் சிகிச்சை கூட இருந்தால் இதம். அது மட்டும் போதாது. ஓட்டத்தை அடியோடு நிறுத்தவும் வேண்டியதில்லை. தூரத்தைக் குறைத்து, மறுநாள் காலைக்குள் வலி அடங்குகிற அளவுக்கு ஓடட்டும்.

கடைசியாக, டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படும் சங்கதி ஒன்று. ஓட ஆரம்பித்த பிறகு மகளுக்கு மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் நின்றுபோயிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாத பெண்ணுக்குத்தான் இப்படி நேர்கிறது. எலும்பு மெலிந்து நூல்போல் விரிசல் விடுவதும் இதனால்தான். 2014-ல் ஒலிம்பிக் கமிட்டியே இந்தக் குறைபாட்டுக்குப் பெயர் சூட்டி எச்சரித்தது. "எடை குறைஞ்சா இன்னும் வேகமா ஓடலாம்" என்று அவள் தட்டை ஒதுக்கினால் விட்டுவிடாதீர்கள். நாமக்கல் முட்டை இருக்கிறது, கேழ்வரகுக் களி இருக்கிறது. காலைப் பயிற்சி முடிந்து வந்த உடனே, பள்ளிக்குக் கிளம்பும் முன்னால் கொடுங்கள்.